ஒரே கடல்நிலை, 20 ரன், 20 விடை: எதை ரிப்போர்ட்ல போடறது?

ராயபுரத்தான் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

சென்னையில ஒரு ஆஃப்ஷோர் டிசைன் ஆஃபீஸ்ல நாலு வருஷமா இருக்கேன். இப்ப கையில இருக்கறது ஒரு நாலு கால் ஜாக்கெட், அதாவது கடல் பிளாட்பாரத்தைத் தாங்கற இரும்புக் கூடு. கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே, 45 மீட்டர் தண்ணியில நிக்குது. தொண்ணூறுகள்ல இறக்கினது. டிசைன் ஆயுசு முடிஞ்சாச்சு, இன்னும் பத்து வருஷம் நிக்குமான்னு பார்த்துச் சொல்லணும்.

மெட்ஓஷன் (காத்து, அலை நிலவரம்) ரிப்போர்ட்ல 100 வருஷக் கடல்நிலைக்கு (சராசரியா 100 வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்பார்க்கற புயல் கடல்) சிக்னிஃபிகண்ட் வேவ் ஹைட் (பெரிய மூணில் ஒரு பங்கு அலைகளோட சராசரி உயரம்) 8 மீட்டர், பீக் பீரியட் (அதிக சக்தி இருக்கற அலைகளோட காலம்) 12 செகண்ட், புயல் நிக்கற நேரம் 3 மணின்னு போட்டிருக்கு. பாஸ் சொன்ன வழி எளிசு: அதிலேர்ந்து ஒரே ஒரு டிசைன் அலையை எடு, ஸ்டோக்ஸ் அஞ்சாம் ஆர்டர் அலைக் கணக்குல எட்டுத் திசையிலும் ஓட்டு, ரிப்போர்ட் எழுது. ஓட்டினேன். பேஸ் ஷியர் (அடியில வர்ற மொத்தப் பக்கவாட்டு விசை) 5.3 மெகாநியூட்டன், மோசமான பிரேஸ்ல (குறுக்குக் குழாய்) யூட்டிலைசேஷன் 0.91, 1ஐத் தாண்டினா ஃபெயில். எல்லாருக்கும் சந்தோஷம்.

சும்மா இருந்திருக்கலாம். போன சனிக்கிழமை ஆஃபீஸ்ல ஆள் இல்ல, லைசென்ஸ் எல்லாம் காலியா கிடந்தது. அதே கடல்நிலைக்கு ஜான்ஸ்வாப் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைக்காலத்துக்கு எவ்வளவு சக்திங்கற வளைவு, காமா 3.3) போட்டு, ரேண்டம் அலையா 3 மணி நேரம் டைம் டொமைன்ல ஓட்டிப் பார்த்தேன். முதல் சீட்ல (ரேண்டம் எண்களைத் தொடங்கி வைக்கற எண்) 4.7 வந்தது. சந்தேகமா இருக்கவே சீட் எண்ணை மாத்தினேன், 5.9. அப்புறம் கை நிக்கல. ரன் ஒண்ணுக்கு 40 நிமிஷம், ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் 20 ரன். குறைஞ்சது 4.1, அதிகம் 6.9, சராசரி 5.2. அந்த 6.9ல அதே பிரேஸ் 1.18 காட்டுது.

திங்கள்கிழமை பாஸ்கிட்ட காட்டினேன். "எந்த சீட்ல 0.91 வருதோ அதை வை"ன்னு சிரிச்சிட்டு மீட்டிங் போயிட்டார். கிண்டலா நிஜமான்னு இன்னும் தெரியல.

எனக்குத் தெரிய வேண்டியது: எத்தனை சீட் ஓட்டினா போதும்? 50? 100? கடைசியில எந்த எண்ணைக் கொடுக்கறது, சராசரியையா, 6.9ஐயா?

கேப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடறேன்: டெக்கோட அடிமட்டம் 12.5 மீட்டர். 20 ரன்லயும் சேர்த்து அதிகபட்ச அலை உச்சி 9.1தான். அதனால டெக்கைப் பத்திக் கவலை இல்ல. மெட்ஓஷன் ரிப்போர்ட்டுக்கு 1979 முதல் 2014 வரைக்கும் ஹைண்ட்காஸ்ட் (பழைய காத்துப் பதிவை வெச்சு மாடல்ல கணக்குப் போட்ட அலை) டேட்டா, மொத்தப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு வைபுல் நிகழ்தகவு வளைவு.

---

நங்கூரம் எழுதியது:

தம்பி, பாஸ் சொன்னது கிண்டல்தான். ஆனா அவர் உங்க கேள்விக்குப் பயந்து சிரிச்சிருக்கார்னு நினைக்கிறேன். முப்பத்தொரு வருஷம் இந்த வேலை பார்த்தவன், பாதி பம்பாய்ல, மீதி அபர்டீன்ல. அந்தச் சிரிப்பை நானும் சிரிச்சிருக்கேன்.

உங்க 20 விடையில ஒண்ணுகூட தப்பு இல்ல. கால்குலேட்டர் எடுங்க. பீக் 12 செகண்ட்னா சராசரி அலைக்காலம் 9.3 செகண்ட் கிட்ட வரும். 3 மணி நேரம்னா 10,800 செகண்ட். ஆக ஒரு புயலுக்கு 1,150 சொச்சம் அலை. 1952ல லாங்கெட்-ஹிக்கின்ஸ் காட்டின ரேலி பரவலைப் (அலை உயரங்களுக்கான நிகழ்தகவுச் சூத்திரம்) போட்டா, அத்தனை அலையில பெருசு பெரும்பாலும் 8ஐப் போல 1.88 மடங்கு, அதாவது 15 மீட்டர். இந்த 'பெரும்பாலும்'லதான் விஷயம். இதே மாதிரி பத்துப் புயல் அடிச்சா, ஒண்ணுல மிகப்பெரிய அலை 14.1 மீட்டரைத் தாண்டாது, இன்னொண்ணுல 17.3ஐத் தாண்டும். மூணு மீட்டர்தானேன்னு தோணும். மாரிசன் சமன்பாட்டில (குழாய் மேல அலை தர்ற விசைக்கான சூத்திரம்) இழுவை தண்ணி வேகத்தோட வர்க்கத்தில போகுது, அந்த வேகம் கிட்டத்தட்ட அலை உயரத்தோட ஏறும். 17.3ஐ 14.1ஆல வகுத்து வர்க்கம் எடுங்க: 1.51. கடலும் அதே, ஜாக்கெட்டும் அதே, விசை மட்டும் ஒண்ணரை மடங்கு. பத்துக்குப் பத்துல இவ்வளவுன்னா, இருபது தடவை ஓட்டி மேலையும் கீழையும் கடைசி எண்ணைப் பார்த்தா 1.68 வரத்தான் செய்யும். (ரேலி கொஞ்சம் கூடவே சொல்லும், நிஜக் கடல் அதைவிடச் சில சதவீதம் அடக்கம். இப்போதைக்கு விடுங்க.)

இப்ப "எத்தனை சீட்". தாயக்கட்டை உருட்டறோம். என்ன விழும்னு உருட்டற வரைக்கும் தெரியாது. நூறு தடவை உருட்டினாலும் நூத்தியோராவது தடவை தெரியாதுதான். அது கட்டையோட குணம். ஆனா கட்டையில ஒரு பக்கம் எவனோ ஈயம் வெச்சிருக்கானா இல்லையான்னு நமக்குத் தெரியலைன்னா, அது வேற சமாச்சாரம். அது நம்ம அறியாமை. கட்டையை உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். உங்க 20 சீட் முதல் வகை. சீட்டைக் கூட்டினா சராசரி எங்கே இருக்குன்னு தெளிவாகும், ஆனா அந்த விரிப்பு அப்படியேதான் இருக்கும். நீங்க உருட்டிக்கிட்டே இருக்கீங்க, ஈயத்தைப் பார்க்கல.

எந்த எண்ணைக் கொடுக்கறதுன்னா, சராசரி போதாது. 100 வருஷக் கடல்நிலையோட சராசரி உச்சமும் 100 வருஷ விசையும் ஒண்ணில்ல. ஒரு 40 வருஷப் புயல்கூட, நேரம் சரியில்லைன்னா ஒரு ராட்சஸ அலையைத் தூக்கி வீசும். அதையும் கணக்குல சேர்க்கத்தான் நார்வேக்காரங்க 100 வருஷக் கடல்நிலையில 3 மணி நேர உச்சத்தோட 90 சதவீதப் புள்ளியை ஒட்டி எடுப்பாங்க. உங்க இருபதை வரிசையா அடுக்கினா மேலேர்ந்து ரெண்டாவது மூணாவது எண். அந்தப் புள்ளியை ஓரளவு உறுதியாச் சொல்ல 50 சீட் இருந்தா நல்லது. சீட் பத்தி இவ்வளவுதான்.

ஈயத்துக்கு வர்றேன்.

கால்கள்ல என்ன விட்டம் போட்டிருக்கீங்க? டிராயிங்ல இருக்கற விட்டமா, இப்ப கடல்ல இருக்கற விட்டமா? மேற்குக் கடல்ல ஒரு பிளாட்பாரம். டைவர் மேலே வந்து ஒரு கோணியை டெக்ல கவுத்தார். கொட்டலசு, மட்டி, நடுவுல உயிரோட ஒரு குட்டி நண்டு. அந்த நாத்தம் மூணு நாள் கையை விட்டுப் போகல. கம்பியில இன்ச் டேப் வெச்சு அவங்க அளந்துட்டு வந்தது 70, 80, ஒரு இடத்தில 110 மில்லிமீட்டர். டிசைன் பைண்டர்ல 50ன்னு இருந்தது. யாரோ வேற ஏதோ வேலைக்குப் போட்ட எண்ணை காப்பி அடிச்சது.

இது விசையில என்ன செய்யும்னு பாருங்க. 0.9 மீட்டர் பிரேஸ், சுத்திலும் 75 மில்லிமீட்டர் வளர்ச்சின்னா விட்டம் 1.05. கூடவே வழுவழு மேற்பரப்பு சொரசொரப்பா ஆயிடுது, ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) கோடுப்படி இழுவைக் கெழு 0.65லேர்ந்து 1.05. ரெண்டையும் பெருக்கினா இழுவை விசை 1.88 மடங்கு. இனெர்ஷியா (தண்ணி வேகம் மாறறதால வர்ற விசை) பக்கம் விட்டத்தோட வர்க்கம் 1.36 ஏறினாலும் கெழு 1.6லேர்ந்து 1.2க்கு இறங்கிடும், கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஆக எல்லாம் இழுவையிலதான். நீங்க 20 சீட்ல பார்த்த மொத்த விரிப்பும் 1.68. ஒரு கொட்டலசு 1.88.

கடைசியா டெக். "கவலை இல்ல"ன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்க ரேண்டம் அலை நேர்கோட்டு மாடல். அதில உச்சியும் பள்ளமும் கண்ணாடி பார்த்த மாதிரி சமமா இருக்கும். நிஜ அலை உச்சியில கூராவும் பள்ளத்தில அகலமாவும் இருக்கும். 1995 ஜனவரி 1, வட கடல்ல ட்ராப்னர் பிளாட்பாரம். கீழ்நோக்கிப் பார்த்த லேசர் பதிவு பண்ணின அந்த அலையோட உயரம் 25.6 மீட்டர், அதில நீர்மட்டத்துக்கு மேல உச்சி மட்டும் 18.5. பாதி இல்ல, 72 சதவீதம். அப்ப சிக்னிஃபிகண்ட் வேவ் ஹைட் 12 மீட்டர். உங்க மாடல் அந்த அலைக்கு 12.8தான் சொல்லியிருக்கும். ட்ராப்னர் அசாதாரணம், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கூர்மையைச் சேர்க்கற சாதாரண ரெண்டாம் ஆர்டர் திருத்தமே உங்க 9.1ஐ 45 மீட்டர் ஆழத்தில 11.2க்குக் கொண்டு போகும். அதுக்கு மேல ஓதமும் ஸ்டார்ம் சர்ஜும் (புயல் தூக்கற கடல்மட்டம்) போடணும். போட்டீங்களா?

அப்புறம், அந்த 12.5 எதிலேர்ந்து 12.5?

---

வெட்டி_ஆபீசர் எழுதியது:

எனக்கு சிவில்ல அரியர் நாலு இருக்கு, இதில பாதி புரியல, ஆனா நண்டு வரைக்கும் படிச்சேன். தொடருங்க.

---

மிதவை எழுதியது:

சார், நான் டிசைன் ஆள் இல்ல. டிப்ளமோ முடிச்சிட்டு பத்து வருஷம் கடல்ல டேட்டா மிதவை போடற, எடுக்கற வேலை. நங்கூரம் சார் ஈயம்னு சொன்னதுக்கு என் பக்கத்துச் சங்கதி ஒண்ணு இருக்கு.

மிதவை நம்ம கடல்ல எப்படி இருக்கும்னு யாரும் நினைச்சுப் பார்க்கறதில்ல. நடுக்கடல்ல நிழல் விழுதுன்னா மீன் கூடும். மீன் கூடினா போட் வரும். போட்டுக்காரர் ராத்திரி நம்ம மிதவையிலேயே கயிறைக் கட்டிட்டுத் தூங்குவார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் பண்ணுவேன். காலையில போய்ப் பார்த்தா சோலார் பேனல் இருக்காது, ஆன்டெனா வளைஞ்சிருக்கும். ஒரு தடவை மேல்பாகம் முழுக்க சாம்பார் சிந்தியிருந்தது, எப்படின்னு இன்னைக்கும் புரியல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. மிதவை எப்ப அத்துக்கும்? நல்ல நாள்ல அத்துக்காது. புயல்லதான் ஷேக்கிள் தேயும், கயிறு அறும், மிதவை ஓடிப்போகும். அதாவது 2 மீட்டர் அலை வரும்போது எல்லாம் டேட்டா இருக்கும், 8 மீட்டர் வர்ற அன்னைக்கு ஃபைல்ல கோடு கோடா வெத்து. ஆஃபீஸ்ல உட்கார்ந்து "95 சதவீதம் டேட்டா கிடைச்சிருக்கு"ன்னு எழுதுவாங்க. சந்தோஷம். உங்களுக்கு வேணுங்கறது அந்த மீதி 5தானே?

இருந்த நாள்லயும், நாங்க போட்ட மிதவை 3 மணிக்கு ஒரு தடவை 17 நிமிஷம் மட்டும்தான் அளக்கும். மீதி 163 நிமிஷம் சும்மா ஆடிக்கிட்டு இருக்கும். பெரிய அலை எந்தக் கணக்குல வருதோ தெரியாது. இன்னொண்ணு, செங்குத்தா ஒரு உச்சி வந்தா கயிறு கட்டின மிதவை அதோட தலை மேல ஏறாது, பக்கவாட்டில வழுக்கி இறங்கும், இல்ல அலைக்குள்ள புகுந்து வெளிய வரும். எங்களுக்குக் கண்ணால தெரியும், சென்சாருக்குத் தெரியாது.

கடைசியா ஒண்ணு. எங்க சீனியர் டெக்னீஷியன் மசூலிப்பட்டணத்துக்காரர். உங்க ரிப்போர்ட் 1979ல ஆரம்பிக்குதுன்னு படிச்சுக் காட்டினேன். "அப்ப திவிசீமா இல்லையா?"ன்னு கேட்டார். 1977 நவம்பர் 19, ஆந்திராவில திவிசீமாவை அழிச்ச புயல். அப்ப அவர் சின்னப் பையன். உங்க ஜாக்கெட் நிக்கற கடலுக்குப் பக்கத்துக் கடல். ரெண்டு வருஷத்தில தவறவிட்டிருக்கீங்க.

---

சிக்மா_மூணு எழுதியது:

மிதவை அண்ணா எழுதியதை எங்கள் லேபில் அச்சடித்து ஒட்டப் போகிறேன். 'தற்செயலாகக் காணாமல் போகாத டேட்டா' என்று மூன்று வகுப்பு எடுப்பார்கள், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

நான் இந்தத் தலைப்பில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் முறை பற்றிக் கொஞ்சம்.

அந்த வைபுல் வளைவில் எனக்கு முதல் சந்தேகம். 35 வருட ஹைண்ட்காஸ்டில் மூன்று மணிக்கு ஒரு மதிப்பு என்றால் ஒரு லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். அதில் பெரும்பங்கு பருவக்காற்றின் ஒன்றிரண்டு மீட்டர் அலைகளும் அமைதியான நாட்களும். புயல் நேரப் புள்ளிகள் சில நூறு இருந்தால் அதிகம். எல்லாவற்றையும் ஒரே வளைவில் பொருத்தினால், புயல் வால் (வளைவில் அரிய, பெரிய அலைகள் உள்ள கடைசிப் பகுதி) எப்படி வளைய வேண்டும் என்பதை ஜனவரி மாத அமைதிக் கடல் தீர்மானிக்கிறது. இரண்டும் வேறு வேறு காரணத்தால் பிறக்கும் அலைகள். புயல் உச்சங்களை மட்டும் தனியே எடுத்து, ஒரு வரம்புக்கு மேல் உள்ளதைப் பொதுப் பரேட்டோ பரவலில் பொருத்திப் பாருங்கள். 100 வருட மதிப்பை மட்டும் பார்க்காமல் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) பாருங்கள். பயந்துவிடாதீர்கள்.

ஹைண்ட்காஸ்டுக்கும் ஒரு குறை உண்டு. இன்று எல்லோரும் எடுக்கும் இ.ஆர்.ஏ.5 (ஐரோப்பிய வானிலை மையம் தரும் கடந்தகால வானிலைத் தொடர்) அலைகளை அரை டிகிரி கட்டங்களில் தருகிறது, நம் அட்சரேகையில் 55 கிலோமீட்டர். ஒரு புயலின் கடுமையான காற்று வளையம் அதற்குள்ளேயே அடங்கிவிடலாம். அதனால் புயல் உச்சங்களை அது மழுக்கித்தான் காட்டும். நிஜப் புயல்களின் பாதைகளைக் கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் தெற்கே நகர்த்திச் செயற்கைப் புயல்களை உருவாக்கி ஓட்டுவது இதற்காகத்தான். உங்கள் ஜாக்கெட்டுக்கு நேர் மேலே 35 வருடத்தில் ஒரு புயலும் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் அதிர்ஷ்டம், அந்த இடத்தின் குணம் அல்ல.

எத்தனை ரன் என்பதற்கு: நேரடி மான்டி கார்லோ (தற்செயல் ரன்களை ஓட்டி எண்ணிப் பார்ப்பது) நினைக்கவே வேண்டாம். பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிகழ்தகவை 10 சதவீதப் பிழைக்குள் கணிக்கப் பத்து லட்சம் ரன் வேண்டும். உங்கள் 40 நிமிடக் கணக்கில் 76 வருடம். உங்கள் தாத்தா ஆரம்பித்திருக்க வேண்டும். சப்செட் சிமுலேஷன் என்று ஒரு வழி உண்டு, 2001இல் ஔவும் பெக்கும் கொடுத்தது. அரிய நிகழ்வை ஒரே தாவலில் தேடாமல், பத்தில் ஒன்று, அதற்குள் பத்தில் ஒன்று என்று படிப்படியாக இறங்குவது. நான்கு படியில் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரன்னுக்குள் முடியும். அதுவும் அதிகம் என்றால், 80 ரன்னை நன்றாகத் தேர்ந்தெடுத்து ஓட்டி, அதன் மேல் காஸியன் பிராசஸ் (ஓட்டாத ரன்னின் விடையை ஊகிக்கும் புள்ளியியல் மாடல்) ஒன்றைப் பழக்கி, மீதியை அதனிடம் கேட்கலாம். வளர்ச்சித் தடிமன், இழுவைக் கெழு, கடல்நிலை, நீர்மட்டம் எல்லாம் ஒரே பையில் போய்விடும்.

---

நங்கூரம் எழுதியது:

சிக்மா அம்மா, வால் பத்தி சொன்னது அத்தனையும் சரி. மெக்சிகோ வளைகுடாவில நாங்க அதைக் காசு கொடுத்துக் கத்துக்கிட்டோம். 2004ல இவான், 2005ல கத்ரீனா, ரீட்டா. அதில கத்ரீனாவும் ரீட்டாவும் மட்டும் நூத்துக்கு மேல பிளாட்பாரத்தை அழிச்சது, பெரும்பாலும் பழைய ஜாக்கெட். அதுக்கப்புறம் 2007ல ஏ.பி.ஐ. புயல் அலை மதிப்புகளையே திருத்தி வெளியிட்டது. வளைகுடா மாறல, ஒரு வருஷத்துச் சொச்சத்தில வந்த மூணு புயல் வளைவை மாத்திடுச்சு.

ஆனா அந்த காஸியன் பிராசஸ்ல எனக்கு ஒரு சண்டை இருக்கு. அது வழவழப்பா மாறற விஷயத்துக்கு நல்லது. டெக் வழவழப்பு இல்ல, படிக்கட்டு. உச்சி டெக்குக்கு ஒரு சாண் கீழே போனா டெக்ல விசை பூஜ்யம். ஒரு மீட்டர் மேலே ஏறினா என்னன்னு கைக்கணக்கா போடலாம்: உச்சியில தண்ணி வேகம் செகண்டுக்கு 7 மீட்டர், டெக் அகலம் 25 மீட்டர்னு வெச்சுக்குங்க, கெழு 2. ஒண்ணேகால் மெகாநியூட்டன். இந்தத் தம்பியோட மொத்த பேஸ் ஷியர்ல கால்வாசி, அதுவும் கடல்தரையிலேர்ந்து 57 மீட்டர் உயரத்தில நின்னு தள்ளுது. உங்க 80 ரன்ல நாலஞ்சுதான் டெக்கைத் தொட்டிருக்கும். அந்த நாலஞ்சை உங்க மாடல் மழுப்பி, இருக்கற இடத்தில குறைச்சும் இல்லாத இடத்தில கொஞ்சமும் காட்டும். பார்க்க அழகா இருக்கும்.

---

சிக்மா_மூணு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் சார். டெக்கைத் தொடுவது, தொடாதது என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனி மாடல் பழக்குவோம், எல்லைக் கோட்டுக்கு அருகில் ரன்களை அடர்த்தியாகப் போடுவோம். ஆனால் அதற்கு எல்லைக் கோடு எங்கே என்று தெரிய வேண்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கு ராயபுரத்தார் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

ராயபுரத்தான் எழுதியது:

மன்னிக்கணும், ஒன்பது நாள் ஆச்சு. இந்த இழையைப் படிச்சுட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணினேன். வரிசையா சொல்றேன்.

வளர்ச்சி: போன ஆய்வோட ஆர்.ஓ.வி. (ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி) வீடியோ சர்வர்ல கிடந்தது, யாரும் திறக்கல. மூணு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மேல் 15 மீட்டருக்கு 60லேர்ந்து 85 மில்லிமீட்டர். என் மாடல்ல 50 இருந்தது, அதே 50. சொரசொரப்புக் கெழு நல்லவேளையா ஏற்கெனவே 1.05தான் போட்டிருந்தேன், அதனால நங்கூரம் சார் சொன்ன 1.88 அளவுக்குப் போகல. பேஸ் ஷியர் 6 சதவீதம் கூடினது. நண்டு தெரிஞ்சது, ரெண்டு.

வால்: சிக்மா சொன்ன மாதிரி புயல் உச்சங்களை மட்டும் எடுத்தேன். 35 வருஷத்தில என் வரம்புக்கு மேல 23 புயல். 100 வருஷ மதிப்பு 9.1 மீட்டர் வந்தது. இடைவெளி 7.6லேர்ந்து 11.8. பயந்துட்டேன். ரிப்போர்ட்ல இருக்கற 8 மீட்டர் அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு, அதனால அவங்க பொய் சொல்லிட்டாங்கன்னு சொல்ல முடியாது. 1977ஐ உள்ள கொண்டுவர 1940லேர்ந்து இருக்கற தொடரை எடுக்கலாம்னு பார்த்தேன், ஆனா சேட்டிலைட் வர்றதுக்கு முந்தின வருஷங்கள்ல புயலே சரியாப் பதிவாகல. அந்தப் புயலைத் தனியா, காற்று மாடல் வெச்சு ஓட்டணும். அது எங்க ஸ்கோப்ல இல்ல, ஆனா கிளையண்ட்டுக்கு எழுதற கேள்விப் பட்டியல்ல முதல் வரியா போட்டுட்டேன்.

அப்புறம் டெக்.

முதல்ல 12.5ஐ வெச்சே பார்த்தேன். 9.1 உச்சி ரெண்டாம் ஆர்டர்ல 11.2 ஆச்சு, சார் சொன்னது சென்டிமீட்டர் சுத்தமா வந்தது. ஓதமும் சர்ஜும் சேர்த்து 1.5. மொத்தம் 12.7. ஒரு சாண் டெக்குக்குள்ள. 20 ரன்ல ஒண்ணே ஒண்ணுதான், 6.9 வந்த அதே ரன். சரி, ஒண்ணுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

"எதிலேர்ந்து 12.5"ங்கறது மட்டும் உறுத்திக்கிட்டே இருந்தது. மாடல்ல நான் சராசரிக் கடல்மட்டத்திலேர்ந்துன்னு போட்டிருந்தேன். எனக்கு முன்னாடி பண்ணினவரும் அப்படித்தான். அவருக்கு முன்னாடி பண்ணினவர் மஸ்கட் போயிட்டார், வாட்ஸ்அப்ல கேட்டேன், "டிராயிங்ல பாரு"ன்னார். அசல் டிராயிங் ஸ்கேன், 1990கள்ல கையால எழுதினது, மடிப்பு விழுந்த இடத்தில எழுத்து அழிஞ்சிருக்கு. 400 சதவீதம் பெருசாக்கினேன். வலது பக்கம் குறிப்பு 7: எல்லா மட்டங்களும் சார்ட் டேட்டத்திலேர்ந்து (கடல் வரைபடத்தில ஆழத்தை அளக்கற தாழ்ந்த நீர்மட்டம்).

அந்த இடத்தில சார்ட் டேட்டத்துக்கும் சராசரிக் கடல்மட்டத்துக்கும் 0.8 மீட்டர் வித்தியாசம். அப்ப டெக் 12.5 இல்ல, 11.7. அதே 20 ரன்னை, ஒண்ணையும் மறுபடி ஓட்டாம, எக்செல்ல ஒரு செல்லை மாத்திப் பார்த்தேன். டெக்கைத் தொடற ரன் ஒண்ணுலேர்ந்து நாலு ஆச்சு. இது 8 மீட்டர் கடல்நிலைக்கு. 9.1 வெச்சு இன்னும் ஓட்டல, தைரியம் வரல.

பாஸ் ரூமுக்கு டிராயிங்கை பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை சிரிக்கல. குறிப்பு 7ஐ ரெண்டு தடவை படிச்சார், கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை படிச்சார். தரை அமுங்கியிருக்கான்னும் பார்க்கணும், ஜி.பி.எஸ். வெச்சு டெக் மட்டத்தை அளக்காம ஒரு பக்கம்கூட வெளிய போகக் கூடாதுன்னு சொல்லிட்டார். அடுத்த மாசம் சப்ளை போட்ல ஒரு சர்வேயர் போறார், கூட நானும். ஹெலிகாப்டர் தப்பிக்கற டிரெய்னிங், மெடிக்கல் ரெண்டுக்கும் தேதி வாங்கியாச்சு.

மிதவை அண்ணா, வாந்தி வராம இருக்க அங்க என்ன சாப்பிட்டுப் போவீங்க?

---

மிதவை எழுதியது:

பழைய சோறும் மாங்கா ஊறுகாயும். வெறும் வயித்தோட மட்டும் போட்ல ஏறாதீங்க. சாம்பார் வேணாம்.